ரெண்டு ரிங்குக்கு எழுந்து நின்ற மில்

உங்கள் புது அறிக்கையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. படங்கள் கலராக இருக்கின்றன. ஒரு பக்கத்தில் மட்டும் என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. "எங்கள் தானியங்கித் தேடல் கருவியை வாடிக்கையாளர் தரப்பில் யாரும் கவனிக்கவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் வரைந்து அனுப்பினேன். அக்காவுக்கு ஓய்வு பெற்றதும் ஓவியம் வந்துவிட்டதா என்று உங்களுக்குள் பேசிக்கொண்டதாகக் கேள்வி. ஓவியம் வரவில்லை. அந்த ஜன்னல் கோவை காந்திபுரத்தில், நம் கம்பெனியின் முதல் அறையில் இருந்தது. அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. கல்லூரி முடித்த கையோடு நானும் என் வகுப்புத் தோழன் நிஜாமும் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஒற்றை அறை எடுத்து, "கம்ப்யூட்டர் பாதுகாப்பு" என்று பலகை மாட்டியிருந்தோம். கீழே டவுன் பஸ்கள். மேலே நாங்கள். பலகையைப் பார்த்து ஏறி வந்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டருக்கு உறை தைத்துத் தருவீர்களா என்று கேட்டார்கள். மீதிப் பேர் வாட்ச்மேன் வேலை கேட்டார்கள். நிஜாமின் அப்பாவுக்குக் கோட்டைமேட்டில் ரேடியோ ரிப்பேர் கடை. அதனால் ஒயர், லைன், ஈயப்பற்று எல்லாம் அவன் பொறுப்பு. புரோகிராம் எழுதுவதும் வாய் பேசுவதும் என் பொறுப்பு. இரண்டிலும் நான் வேகம். யோசிப்பது யார் பொறுப்பு என்பதை மட்டும் நாங்கள் பிரித்துக்கொள்ளவே இல்லை.

முதல் உண்மையான வாடிக்கையாளர் பெருந்துறைப் பக்கத்து நூல் மில் முதலாளி. வெள்ளை அம்பாசிடரைக் கீழே நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கப் படியேறி வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, எங்க மில்லு கம்ப்யூட்டருக்குள்ள ஆரோ பூந்து பாக்கறாங்க. பொட்டி முன்னால ஆளே இல்லாதப்ப நூல் கணக்குத் தொறந்து தொறந்து மூடியிருக்குது. கம்ப்யூட்டர் பாக்கற தங்கராசக் கேட்டா, நானில்லீங்கன்னு சாமி மேல சத்தியம் பண்றான்."

"நம்பறீங்களா?"

"நம்பத்தான் ஆசைங்க. அஞ்சு வருசமா இருக்கறான். போன மாசந்தான் கண்ணாலம் ஆச்சு. ஆனா வேற ஆருக்கும் அந்தப் பொட்டியத் தொடத் தெரியாதே! இந்த வாரத்துக்குள்ள வேற வழி தெரியலீன்னா அவனை அனுப்பிச்சுப் போடறதத் தவிர எனக்கு வேற வழி இல்லீங்க."

அந்தக் காலத்தில் இன்டர்நெட் எங்கள் ஊருக்குச் சரியாக வந்து சேரவில்லை. வெளியிலிருந்து ஒரு கம்ப்யூட்டருக்குள் போக வேண்டுமென்றால் டெலிபோன் ஒயர்தான் வழி. மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் டெலிபோன் லைன். வெளியிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தால் மனிதனுக்குப் பதிலாகப் பெட்டி எடுக்கும், கீச்சென்று கத்தும், கதவு திறக்கும். மில்லில் எங்கோ அப்படி ஒரு பெட்டியை யாரோ ஒளித்து மாட்டியிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

"நீங்களே ஒவ்வொரு ரூமாப் போய்ப் பார்த்துடலாமே," என்றான் நிஜாம்.

"நான் குனிஞ்சு மேசைக்கு அடியில பாத்தா, அடுத்த நிமிசம் மில்லு பூராப் பேச்சாயிரும் தம்பி. மாட்டுனவன் கழட்டி மடியில கட்டிக்குவான். அப்புறம் பழி தங்கராசு தலையிலதான். ஆருக்கும் தெரியாமப் பண்ணோணும். தெரிஞ்சுதுன்னா நீங்களும் உங்க போர்டக் கழட்டிக்கலாம்."

தன் பெயரில் இருந்த எல்லா டெலிபோன் நம்பர்களையும் சொன்னார். மில், குடோன், கோவை வீடு, பெரிய மகன் வீடு, தோட்டம் என்று எல்லாம் கலந்து. வீடும் தோட்டமும் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எந்த ஒயர் எங்கே போகிறதென்று எனக்கே தெரியாதுங்க என்றார் அவர். எல்லாவற்றையும் போட்டுவிடுவோம் என்றேன் நான். ஆர்வம்!

எங்கள் கருவிக்கு நிஜாம் "கொசு" என்று பேர் வைத்திருந்தான். நம்பர்களைக் கொடுத்தால் ஒன்று ஒன்றாகத் தானே சுற்றும். மறுமுனையில் பெட்டி கத்தினால் குறித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வெட்டிவிட்டு அடுத்த நம்பர். இன்றைக்கு நீங்கள் ஒரு நெட்வொர்க்கின் கதவுகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கிறீர்களே, அதற்கு மூத்த அண்ணன். யாருக்கும் தெரியாமல் போய் உட்காரும் என்பதால் கொசு என்று பேர். கொசு வந்தால் முதலில் காதுக்குத்தான் தெரியும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

எத்தனை ரிங் விடுவது என்பதில் ஒரு சண்டை.

"அஞ்சு ரிங் விட்டாதான் சரியாத் தெரியும்," என்றான் நிஜாம்.

"அஞ்சு ரிங்குக்கு யாராவது எடுத்து அலோ அலோன்னு கத்துவாங்க. நாலு இடத்துல கத்தினா பேச்சு ஆயிடும். ரெண்டு போதும். எழுந்து வர்றதுக்குள்ள நின்னுடும். ராங் நம்பர்னு நினைச்சு உட்கார்ந்துடுவாங்க."

"பெட்டிய நாலாவது ரிங்ல எடுக்கற மாதிரி வெச்சிருந்தா?"

"யாரு வேலை மெனக்கெட்டு அப்படி வைக்கறாங்க? வாங்கும்போதே முதல் ரிங்ல எடுக்கற மாதிரிதான் வருது."

இரவில் ஓட்டுவதா பகலிலா என்பதில் சண்டை இல்லை. ராத்திரியில் போன் அடித்தால் எந்த வீட்டிலும் முதலில் வருவது சாவுச் செய்தி என்ற பயம்தான். பகல் என்று முடிவு செய்தோம். அந்த ஒரு விஷயத்தில் மனிதர்களைப் பற்றி யோசித்தோம் என்று எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் காலை, மில் ஓடத் தொடங்கிய பிறகு, கொசுவைப் பறக்கவிட்டோம். திரையில் ஒவ்வொரு நம்பராக வந்தது. எடுக்கவில்லை. எடுக்கவில்லை. எடுக்கவில்லை. கடைசி நம்பர் வரை அதேதான்.

"பெட்டி சிக்கலை," என்று முகத்தைத் தொங்கப் போட்டான் நிஜாம்.

"அதை விடு. ஒருத்தர்கூட எடுக்கலை பார்த்தியா? வீடு, ஆபீஸ், குடோன், எங்கேயும்! நாம போனதே யாருக்கும் தெரியாது!"

டீ சொன்னோம். எடுக்காத நம்பர்களுக்குக் கொசு தானாகவே இரண்டாம் சுற்றுப் போகும்படி எழுதியிருந்தேன். அதுவும் ஆரம்பித்துவிட்டது. இந்த இடத்தில் உங்களை ஒன்று கேட்கிறேன். இத்தனை போன்கள் அடித்தும், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு மனிதர்கூடவா சட்டென்று கையை நீட்டி எடுத்திருக்க மாட்டார்? அது எனக்கு விசித்திரமாகத் தோன்றியிருக்க வேண்டும். வெற்றியாகத் தோன்றியது.

டீ கிளாஸோடு ஜன்னலுக்கு வந்தேன். கீழே, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், அதே வெள்ளை அம்பாசிடர். முதலாளியின் டிரைவர் ஆறுமுகம் பானெட்டில் சாய்ந்து, பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெண்ணையும் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறுமுகண்ணே! என்ன இந்தப் பக்கம்?"

"அட, அம்மணிங்களா! முதலாளி தங்கச்சி திருப்பூர்ல இருந்து வந்திருக்காங்களாட்ட இருக்குது. ஆளத்தான் காணோம்."

"போன் பண்ணாங்களா?"

"போன் எதுக்குங்க பண்றாங்க? ரெண்டு ரிங் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல எறங்குனா பூத்துல இருந்து ஊட்டுக்கு ரெண்டு ரிங் உட்டு வெச்சுருவாங்க. நான் வண்டிய எடுத்துட்டு வந்துருவேன்."

டீயை ஜன்னல் திட்டில் வைத்தேன். பக்கத்தில் வந்து நின்ற நிஜாம் கேட்டான். "அண்ணே, ரெண்டு ரிங்னா எல்லா இடத்துலயும் இதேதானா?"

"அதெப்படிங்க தம்பி? எடத்துக்கு எடம் வேற. தோட்டத்துக்கு ரெண்டு ரிங் உட்டா, கரண்ட் வந்துருச்சு, மோட்டாரைப் போடுன்னு அர்த்தம். பெரிய மகன் ஊட்டுக்கு உட்டா, முதலாளி சாப்புட வாராரு, எலயப் போடுன்னு அர்த்தம். மில்லு ஆபீசுக்கு உட்டா..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"ஆபீசுக்கு?"

"அது வேண்டாமுங்க. உட்டுருங்க."

"அப்போ நிஜமாவே பேசணும்னா?"

"மூணாவது ரிங் வரோணுமுங்க. அதுக்கு முன்னால ஆரும் எடுக்க மாட்டோம். எடுத்தா காசு போயிருமுன்னு முதலாளி வைவாரு."

சொந்த மில் வைத்திருப்பவர், ஒரு கால் காசை மிச்சம் பிடிக்கக் குடும்பத்தையும் ஊழியர்களையும் ரிங்கால் ஆண்டுகொண்டிருந்தார். நாங்கள் சத்தமே இல்லாமல் போக வேண்டுமென்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்த ரெண்டு ரிங், அந்த வட்டாரத்திலேயே அதிகச் சத்தமான பேச்சு. யாரும் போனை எடுக்காததற்குக் காரணம், எல்லோரும் அதைக் கேட்டுக் கீழ்ப்படிந்துவிட்டதுதான்.

நிஜாம் பாய்ந்து லைனைப் பிடுங்கினான். இரண்டாம் சுற்று அதற்குள் மில்லைத் தாண்டியிருந்தது.

"பேசாம இருந்துடலாம்," என்றான். "லைன் கோளாறுன்னு நினைச்சுக்குவாங்க. மழை பெஞ்சா இப்படித்தானே ஆகுது."

"மழை எங்கடா பெஞ்சுது?"

"எங்கேயாச்சும் பெஞ்சிருக்கும்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மில் முழுக்க எதற்கென்று தெரியாமல் ரெண்டு ரிங் அடித்திருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டில் அதுதான் பேச்சாக இருக்கும். பெட்டியை மாட்டியவன் அதே சாப்பாட்டில் இருக்கலாம். அவன் கை கழுவி எழும்போது பெட்டி இருக்காது. வாரக் கடைசியில் தங்கராசும் இருக்க மாட்டான். வேறு யாராவது சொல்லும் முன்னால் நாங்களே சொல்ல வேண்டும். லைனை போனில் மாட்டி முதலாளி அறைக்கு அடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் எடுத்தார்.

"ஏனுங்க அம்மணி! என்னத்தப் பண்ணிப்போட்டீங்க?"

வாயைத் திறக்க விடவில்லை. "காலையில தண்ணி பாய்ச்சின மஞ்சக்காட்டுக்கு மறுக்கா மோட்டாரப் போட்டுட்டு, பாத்தியெல்லாம் ரொம்பிப் போச்சுங்கன்னு தோட்டத்துல இருந்து கூப்புடறான். பெரியவன் ஊட்டுல இந்நேரத்துக்கே எலயப் போட்டு ஒக்காந்திருக்காங்களாமா. இங்க கேளுங்க. இன்னிக்கு ஆரு எப்படி இருக்கறாங்கன்னு பாக்கலாமுன்னு நூல் லாரியில ஏறிப் பின்வாசல் வழியா வந்து, ஆருக்கும் தெரியாம ரூம்புல ஒக்காந்திருக்கேன். திடீருன்னு வாட்ச்மேன் கேட்டத் தொறந்து போட்டு, வெறும் ரோட்டுக்குச் சலாம் வெக்கறான். ஆபீசுல ரேடியோவ நிறுத்திப்போட்டு அத்தன பேரும் எந்திரிச்சு நிக்கறாங்க. ஆரையும் காணோமுன்னு ஒக்கார்றாங்க. மறுக்கா ரிங் வருது. மறுக்கா சலாம்!"

ஆறுமுகம் சொல்லாமல் விழுங்கியது எதுவென்று புரிந்தது. முதலாளி கார் பெருந்துறையை எட்டினால், ஆறுமுகம் ஏதாவது சாக்கில் வண்டியை நிறுத்தி, பூத்திலிருந்து மில்லுக்கு ரெண்டு ரிங் விட்டுவிடுவார்.

"எனக்குத் தெரியாம எனக்கே ஒரு ரிங்கு வெச்சிருக்கானுங்க அம்மணி!" அவர் குரலில் கோபத்தைவிடத் திகைப்பு அதிகம். "அத அப்புறம் பாத்துக்கறேன். ஆருக்கும் தெரியாமச் செய்யறேன்னு சொன்னீங்களே, இதானா?"

நிஜாம் பக்கத்தில் நின்று பலகையைக் கழற்றுவது போலக் கையால் ஜாடை காட்டினான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் அவர் திட்டிக்கொண்டே போன அந்த வரிசை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டம் அசைந்திருக்கிறது. வீடு அசைந்திருக்கிறது. கார் அசைந்திருக்கிறது. கேட் அசைந்திருக்கிறது.

"முதலாளிங்க, ரெண்டு ரிங்குக்கு அசையாத இடம் ஏதாச்சும் இருக்குங்களா?"

மறுமுனையில் முணுமுணுவென்று விரல்விட்டு எண்ணுவது கேட்டது. "கழிவுப் பஞ்சுக் குடோன்ல இருந்து ஒண்ணும் சத்தமில்லீங்க."

"குடோனுக்கு ரெண்டு ரிங்னா என்னங்க?"

"லாரி வருது, சட்டரத் தூக்குன்னு."

"தூக்கியிருக்குங்களா?"

"என்ற ரூம்பு ஜன்னல்லயே தெரியுமே. மூடித்தான் கெடக்குது."

"ஆள் இல்லீங்களா?"

"வாசப்படியில ஒக்காந்து வெத்தல போட்டுட்டிருக்கறான்."

"உங்ககிட்ட இன்னொரு லைன் இருக்குதில்லீங்க? அதுல குடோனுக்கு ரெண்டு ரிங் விடுங்க. அவரையே பாருங்க."

அவர் நம்பர் சுற்றுவது எனக்குக் கேட்டது. காத்திருந்தேன்.

"அசையறாருங்களா?"

"சுண்ணாம்பு தடவறானுங்க."

அந்தக் குடும்பத்தில் ரெண்டு ரிங்குக்கு அசையாத மனிதன் கிடையாது. அவன் அசையவில்லை என்றால் அங்கே மணி அடிக்கவில்லை. போன் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. பஞ்சு பேல் கணக்குப் போடுவதற்காக அந்தக் குடோனில் மில் கம்ப்யூட்டரோடு இணைந்த ஒரு திரை உண்டு என்பதும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"யாரையும் ஒண்ணும் கேட்காதீங்க. பஞ்சு பார்க்கப் போற மாதிரி போய்ட்டு வாங்க," என்றேன். போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குள் நிஜாம் என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டான்.

திரும்பி வந்தவரின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "இருக்குதுங்க அம்மணி. பஞ்சுக்குள்ள பொதிஞ்சு வெச்சிருக்குது. சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு. கத்தற சத்தம் வெளிய கேக்காம இருக்கப் பஞ்சு! சூடா வேற இருக்குது. புடுங்கி எறியட்டுமா?"

"முதல்ல பஞ்சை எடுத்துடுங்க, தீப்பிடிக்கும். பெட்டியைப் பிடுங்கினா யாருன்னு எப்பவும் தெரியாது. லைனைக் கழட்டிப் பழைய போன்ல மாட்டிட்டு, பக்கத்துல உட்காருங்க. உள்ளே வரணும்னா அவங்க அடிச்சுத்தானே ஆகணும்? மூணாவது ரிங்ல எடுங்க."

மீதியை எங்களுக்குச் சொன்னது அவருடைய இளைய மகன் கார்த்தி. அப்பா சொல்படி தினமும் மில்லுக்குப் போய் நூல் கணக்கைப் பார்த்து எழுத வேண்டிய பையன். அவன் கம்ப்யூட்டர் பழகியிருந்தது அப்பாவுக்குத் தெரியாது. கோவையிலிருந்து பெருந்துறைக்கு பஸ்ஸில் போய்வர அவனுக்கு அலுப்பு. ஒரு மோடம் வாங்கிக் குடோனில் மாட்டிவிட்டு, மில்லுக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பி, போத்தனூரில் சிநேகிதன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, மத்தியானத்துக்கு மேல் அங்கிருந்தே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கராசு தலை உருண்டது அவனுக்குத் தெரியாது. லாரிக்காரர்கள் விடும் ரெண்டு ரிங்கைப் பெட்டி எடுத்துக் கத்திவிடக் கூடாதென்று, நாலாவது ரிங்கில் எடுக்கும்படி மாற்றி வைத்திருந்தான். எங்கள் வாடிக்கையாளரை எங்களைவிட அவன் நன்றாகப் படித்திருந்தான். சட்டர் தானாகத் திறக்காததால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கப் பழகிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல அடித்திருக்கிறான். மோடத்தின் ஸ்பீக்கரில் ரிங் போவது கேட்கும். நாலாவது ரிங்குக்குப் பதில் மூன்றாவதிலேயே எடுத்தது. கீச்சென்ற சத்தத்துக்குப் பதிலாக, பெட்டிக்குள்ளிருந்து, "ஆருங்க பேசறது?" என்றார் அப்பா.

"கம்ப்யூட்டர்ல இருந்து எங்கப்பா பேசறாருங்க அக்கா. நான் என்ன பண்ணட்டும்? எந்திரிச்சு நின்னுட்டேன்," என்றான் கார்த்தி. நின்றபடியே பக்கத்திலிருந்த போனை எடுத்து, "நாந்தானுங்கப்பா" என்று சொல்லியும் விட்டான்.

அப்பா கேட்ட முதல் கேள்வி ஏன் செய்தாய் என்பதல்ல. "தெனமும் எவ்வளவு நேரம் லைன்ல இருப்ப?"

"பொழுதோட வரைக்குங்கப்பா."

"பில்லு ஆரு கட்டறது?"

"நாந்தானுங்க."

"உனக்கு ஆரு குடுக்கறது?"



தங்கராசிடம் முதலாளி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவன் மேசைக்கு மேலே புது ஃபேன் சுற்றியது. மில் வாட்ச்மேன் வெறும் ரோட்டுக்குச் சலாம் வைத்ததைப் பற்றி ஆறுமுகத்தை யாரும் கேட்கவில்லை. அவர் மட்டும் எங்கள் மாடிப் பக்கம் கொஞ்ச நாள் தலைகாட்டவில்லை. எங்கள் பலகை மாட்டிய இடத்திலேயே இருந்தது. ஒரு நாள் முதலாளி கார்த்தியைக் கையோடு அழைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"இவன இங்கயே வெச்சு வேல வாங்குங்க அம்மணி. எங்க ஒக்காந்தாலும் வேல ஆகுதுங்கறான். சரி, உங்க கண்ணு முன்னால ஒக்காந்து ஆகட்டும்."

உங்கள் கருவி இன்று எத்தனையோ மடங்கு நாசூக்கானது. மெதுவாகப் போகிறது, வேஷம் மாற்றுகிறது, இடைவெளி விடுகிறது. ஆனால் எது சத்தம் என்பதை முடிவு செய்வது நீங்கள் அல்ல. மறுமுனையில் உட்கார்ந்திருப்பவரின் பழக்கம் முடிவு செய்கிறது. "யாரும் பதில் சொல்லவில்லை" என்பதும் "யாரும் கவனிக்கவில்லை" என்பதும் ஒன்றல்ல. எல்லோரும் கவனிக்கும் இடத்தில் ஒரே ஒருவர் கவனிக்காமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தால், அறிக்கையை மூடிவிட்டு அங்கே போய்ப் பாருங்கள். அந்த வரியை மறுபடி எழுதத் தோன்றும்போது முதலில் எழுந்து ஜன்னலுக்குப் போங்கள். கீழே யாருடைய கார் நிற்கிறதென்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இந்தக் கதையை நம்பாதவர்களுக்கு ஒரு சின்னப் பரிசோதனை. உங்கள் அறிக்கைகளில் கடைசிக் கையெழுத்துப் போடுகிறாரே கார்த்தி சார், அவர் அறைக்கதவு கண்ணாடிதானே? வெளியே நின்றுகொண்டு அவர் மேசை போனுக்கு மூன்று ரிங் விடுங்கள். மூன்றாவதில் அவர் எடுத்ததும், கொங்குக் குரலில், "ஆருங்க பேசறது?" என்று மட்டும் கேளுங்கள்.

எழுந்து நிற்கிறாரா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.